முதுகு ஒடிந்தவர்களின் மூச்சு

போன ஐப்பசி மழையில் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போய், பாசியில் வழுக்கி உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். எழுந்து நடந்து கீழே வந்துவிட்டேன். மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் இடுப்புப் பக்கத்து முதல் எலும்பு, எல்-1 என்கிறார்களே அது, முன்பக்கம் நசுங்கியிருந்தது. தண்டுவடத்துக்கு ஆபத்தில்லை, அறுவை சிகிச்சை வேண்டாம், மூன்று மாதம் பெல்ட் போடுங்கள் என்றார் டாக்டர்.

இதுவரை சரி. இரண்டாம் நாள் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வந்து, மூன்று குழாய்களில் மூன்று பந்துகள் கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுத்து, மணிக்கு ஒரு தரம் பத்துத் தடவை செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் இரண்டு நாள் முழு மூச்சாக ஊதிப் பார்த்தேன். ஒரு பந்துகூட அசையவில்லை. மூன்றாம் நாள் அவள் வந்து பார்த்துவிட்டு, "தாத்தா, ஊதக் கூடாது, உள்ளே உறிஞ்சணும்" என்று சிரித்தாள். அரசாங்கத்தில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டியவன், எந்தச் சுற்றறிக்கையையும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தக் கருவியின் அட்டையைப் படிக்கவில்லை.

"ஒடிஞ்சது முதுகும்மா. மூச்சுக்கு எதுக்குப் பயிற்சி?" என்று கேட்டேன்.

"வலிக்குப் பயந்து மேலோட்டமா மூச்சு விடுவீங்க. படுத்தே இருப்பீங்க. சளி கட்டிக்கும். முதுகு ஒடிஞ்சு போனவங்களை விட, நெஞ்சுல சளி கட்டிப் போனவங்கதான் தாத்தா அதிகம்" என்றாள்.

அவள் போன பிறகு எனக்கு என் பெரியப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது. 1961-ல் புதுச்சேரி முத்தியால்பேட்டையில், ஓடு மாற்றக் கூரைமேல் ஏறியவர் கைமரம் உளுத்துப்போய்த் தரையில் மல்லாந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பெரிய பலகையில் கிடத்தி, அசைக்கவே கூடாது என்று வந்தவர் போனவர் எல்லோரும் சொன்னார்கள். அசைக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் ஜன்னி கண்டு போய்விட்டார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. முதுகு ஒடிந்தால் சாவுதான் என்று அன்று மனதில் பதிந்தது, இந்த மூன்று பந்துகளைப் பார்க்கும்வரை மாறவில்லை.

மூன்று மாதம் பெல்ட்டோடு வீட்டில் கிடந்தவனுக்கு வேறு வேலை என்ன? இந்த விஷயத்தின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

கி.மு. 1600 வாக்கில் எகிப்தில் எழுதப்பட்ட ஒரு மருத்துவச் சுவடி இருக்கிறது. எட்வின் ஸ்மித் சுவடி என்று பெயர். அதற்கும் முந்தைய ஒரு சுவடியின் நகல் அது என்கிறார்கள். அதில் கழுத்தெலும்பு விலகிக் கைகால் உணர்ச்சி போன ஒருவனின் நிலை அச்சாக விவரிக்கப்பட்டிருக்கிறது. கடைசியில் வைத்தியருக்குச் சொல்லும் முடிவு, இது மருந்து செய்யத்தக்க நோயல்ல என்பது. நம் பாஷையில், கோப்பை மூடிவிடு.

அந்தக் கோப்பு ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு வருடம் மூடியே கிடந்தது. முதல் உலகப் போரில் முதுகுத்தண்டில் குண்டடி பட்ட வீரர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இறந்தார்கள். படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று, நுரையீரல் ஆகிய மூன்றும்தான் எமன்கள். ஒடிந்த எலும்பு யாரையும் நேரடியாகக் கொல்லவில்லை.

அதே போர்க்காலத்தில்தான் மூச்சுப் பயிற்சியும் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது என்பது எனக்கு ஆச்சரியம். லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் கார்ட்லண்ட் மக்மாஹன் என்று ஒருவர் இருந்தார். பேச்சுக் குறை உள்ளவர்களுக்குக் குரலும் மூச்சும் பழக்குவது அவருடைய வேலை. நெஞ்சில் குண்டு பாய்ந்து, நுரையீரல் சுருங்கி வந்த சிப்பாய்களுக்கு அவர் மூச்சுப் பயிற்சி கொடுத்தார். 1915-ல் லான்செட் பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். திக்குவாய்க்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் போர் வீரர்களின் நெஞ்சைத் திறந்துவிட்டார்! 1930-களில் லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையில் வினிஃப்ரெட் லின்டன் என்ற பிசியோதெரபிஸ்ட், நெஞ்சு அறுவை சிகிச்சை நோயாளிகளுக்கு இதை இன்னும் நுணுக்கமாக்கினார். விலாவின் எந்தப் பக்கம் மந்தமாக இருக்கிறதோ அங்கே கையை வைத்து, கை இருக்கும் இடத்தைத் தள்ளுகிற மாதிரி மூச்சிழுக்கச் சொல்வது. இன்றைக்கும் பிசியோதெரபிஸ்டுகள் நம் விலாவில் கை வைத்துச் செய்யச் சொல்வது இதைத்தான்.

முதுகு ஒடிந்தவர்களின் கதை மாறியது 1944-ல். ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் நரம்பு அறுவை நிபுணராக இருந்த லுட்விக் குட்மன் யூதர். 1939-ல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குத் தப்பி வந்தவர். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் என்ற ஊரில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கென்று ஒரு பிரிவை ஆரம்பித்தார். அவர் வைத்திருந்த மந்திரம் மிகச் சாதாரணமானது. இரண்டு மணிக்கு ஒரு தரம், ராத்திரி பகல் பாராமல், நோயாளியைத் திருப்பிப் படுக்க வை. புண் வராது என்பதற்காகத்தான் முக்கியமாகச் செய்தார்கள். ஆனால் திருப்பிப் போடும்போது நெஞ்சுச் சளியும் இடம் மாறும் அல்லவா? அசைக்காதே என்ற பழைய விதிக்கு நேர் எதிர்விதி இது. அடுத்து அவர்களை உட்கார வைத்தார், விளையாட வைத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாள், சக்கர நாற்காலியில் 16 பேர் வில்லெடுத்து அம்பு விட்டார்கள். இன்றைய பாராலிம்பிக்ஸின் தொடக்கம் அதுதான். வில் வளைப்பது தோளுக்கும் நெஞ்சுக்கும் நல்ல பயிற்சி. நாணை இழுக்கும்போது மூச்சு தானாக உள்ளே போகும். செய்து பாருங்கள். வில் வேண்டாம், கை போதும்.

இனி அந்த மூச்சு எப்படி ஓடுகிறது என்பது. இதை விளக்கிய எந்தப் புத்தகமும் எனக்கு முதலில் ஏறவில்லை. பிறகு நம்ம ஊர் மின்சார ரயிலை வைத்துப் புரிந்துகொண்டேன். மூளையை சென்ட்ரல் என்று வையுங்கள். தண்டுவடம் அரக்கோணம் லைன். வில்லிவாக்கத்தில் தண்டவாளம் போனால் கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி எதற்கும் வண்டி இல்லை. ஆனால் கும்மிடிப்பூண்டி வண்டி ஓடும். ஏனென்றால் அது பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் பிரிந்துவிடுகிறது. நம் உடம்பில் அந்தக் கும்மிடிப்பூண்டி லைன்தான் உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் குடை மாதிரி விரிந்திருக்கிற தசை உதரவிதானம். அமைதியாக மூச்சிழுப்பதில் பெரும்பங்கு அதனுடையது. அதற்குப் போகும் நரம்பு கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் இடங்களிலேயே பிரிந்துவிடுகிறது. கடவுள் செய்த புண்ணியம். அதனால்தான் கழுத்தின் அடிப்பகுதி ஒடிந்து, கைவிரலும் காலும் போனவர்கள்கூட சொந்தமாக மூச்சு விட முடிகிறது. அதற்கும் மேலே ஒடிந்தால் மிஷின்தான்.

விலா எலும்புகளுக்கு நடுவே உள்ள தசைகளுக்கு நெஞ்சுப் பகுதி ஸ்டேஷன்களிலிருந்து நரம்பு. வயிற்றுத் தசைகளுக்கு அதற்கும் கீழேயிருந்து. இங்கேதான் சூட்சுமம். மூச்சிழுக்க வயிற்றுத் தசை அவ்வளவாக வேண்டாம். இருமுவதற்கு அதுதான் வேண்டும். இருமல் என்பது வயிறு ஓங்கி ஒரு குத்து விடுவது. நெஞ்சின் மேல்பாதியில் ஒடிந்தவனால் மூச்சு விட முடியும், பேச முடியும், சிரிக்க முடியும்; பலமாக இரும முடியாது. சாதாரண ஜலதோஷம் அவனுக்கு யமகண்டம். அதற்கு இப்போது என்ன செய்கிறார்கள் தெரியுமா? இரும முயலும் அதே நொடியில் கூட இருப்பவர் தன் உள்ளங்கைகளை அவன் மேல்வயிற்றில் வைத்து உள்ளும் மேலுமாக ஒரு தள்ளு தள்ளுகிறார். சளி வந்துவிடுகிறது. காசு செலவில்லாத வைத்தியம். ஆனால் பயிற்சி பெற்றவரிடம் கற்றுக்கொண்டுதான் செய்ய வேண்டும். புதிதாக எலும்பு ஒடிந்தவரிடம் நாமாகப் போய்க் கை வைக்கக் கூடாது.

இன்னொரு விசித்திரம். நமக்கெல்லாம் மூச்சு வாங்கினால் எழுந்து உட்கார்ந்தால் தேவலை. கழுத்து ஒடிந்தவர்களுக்குப் பெரும்பாலும் நேர்மாறு, படுத்தால்தான் மூச்சு நன்றாக இருக்கும். காரணம், உட்கார்ந்தால் பிடிப்பில்லாத வயிறு முன்னால் சரிகிறது, உதரவிதானம் தட்டையாகிவிடுகிறது, இழுக்க இடமில்லை. அதனால் அவர்களை உட்கார வைக்கும்போது வயிற்றைச் சுற்றி அகலப் பட்டை ஒன்றை இறுக்கிக் கட்டுகிறார்கள். நம் தாத்தாக்கள் பாரம் தூக்கும் முன் துண்டை இடுப்பில் இறுக்கினார்களே, அந்த மாதிரி.

இதெல்லாம் சீமைக் கதை, நம் பக்கம் என்ன என்று கேட்பீர்கள். நம் பக்கத்துக் கதைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி போய் பெங்களூர் ரோட்டைப் பிடித்தால் மூன்று மணி நேரத்துக்குள் வேலூர். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் இருந்தார். கொச்சிப் பக்கத்துச் செராயில் பிறந்தவர். 1954 ஜனவரி 30 அன்று சக டாக்டர்களோடு வெளியே போன வண்டி விபத்துக்குள்ளாகி, முதுகுத்தண்டு போயிற்று. முகத்திலும் பலத்த காயம். இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. வயது இருபத்தெட்டு.

அதே மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் கொண்டிருந்தார் டாக்டர் பால் பிராண்ட். கை அறுவையை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்று அவர் ஊக்கம் கொடுத்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மேரி வர்கீஸ் அறுவை செய்தார். உணர்ச்சியற்ற கைகளை, உணர்ச்சியற்ற கால்கள் உடையவர் சரிசெய்தார். இந்தக் கதையை டோரதி கிளார்க் வில்சன் 1963-ல் 'டேக் மை ஹேண்ட்ஸ்' என்று புத்தகமாக எழுதியிருக்கிறார். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதற்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் முதுகுத்தண்டு காயத்துக்கென்றே ஒரு பிரிவை ஜார்ஜ் பெட்புரூக் நடத்திக்கொண்டிருந்தார். மேரி வர்கீஸ் அங்கே போனார், மறுவாழ்வுப் பயிற்சி பெற. பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் படித்தார், இப்போது டாக்டராக. திரும்பி வந்து வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் இருப்பவரே தலைமை மருத்துவர். 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் காலமானார். மென்னையான, பகட்டில்லாத வேலை அது. திருப்பிப் போடுவது, உட்கார வைப்பது, மூச்சு, இருமல், சிறுநீர், புண், கை வலு, வீட்டுக்குப் போனால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுப்பது. இதற்கெல்லாம் பத்திரிகையில் படம் போட மாட்டார்கள். என் பெரியப்பா விழுந்த வருடத்துக்கும் பாகாயத்தில் கதவு திறந்த வருடத்துக்கும் நடுவில் ஐந்து வருடம்தான்.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எஸ். ராமகிருஷ்ணன் அந்த ஊர்க்காரர். இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும்போது 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரி தேர்வுக்காக பெங்களூர் போனார். தடை தாண்டும் சோதனையில் விழுந்து கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே செயலில்லை. ராணுவ மருத்துவமனையில் தமக்கு வைத்தியம் பார்த்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல் பெயரால் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் பத்மஸ்ரீ. கழுத்தில் அடிபட்டவர் என்றால் மேலே சொன்ன கணக்குப்படி அவருக்கு மூச்சு என்பது அந்த ஒற்றைக் கும்மிடிப்பூண்டி லைன்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் நாற்பது வருடத்துக்கும் மேலாக ஊரையே கூட்டிப் பேசி ஒரு ஸ்தாபனத்தை நடத்தியிருக்கிறார்.

1965 போரையும் சொல்ல வேண்டும். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை அப்போதுதான் வேலையில் இறங்கியிருந்தது. அந்தப் போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர் நீச்சலில் தேறி, 1972 ஹைடல்பர்க் பாராலிம்பிக்ஸில் 50 மீட்டர் பந்தயத்தில் தங்கம் வாங்கினார். நீச்சலைவிட நல்ல மூச்சுப் பயிற்சி எது? அதே 1965-ல், மே மாதம் எவரெஸ்ட் உச்சியில் நின்ற மேஜர் அலுவாலியா, சில மாதங்களில் போரில் குண்டு பாய்ந்து சக்கர நாற்காலிக்கு வந்தார். ஸ்டோக் மாண்டவில்லில் சிகிச்சை பெற்றார். டில்லியில் முதுகுத்தண்டு காய மருத்துவமனை ஒன்று எழ அவரே காரணம்.

மூச்சுத் தசையையும் கை கால் தசை போலவே எடை வைத்துப் பழக்கலாம் என்ற எண்ணம் மெல்லத்தான் வந்தது. வயிற்றின் மேல் மணல் பையோ எடையோ வைத்து, அதைத் தூக்கும்படி மூச்சிழுக்கச் சொல்வது பழைய முறை. 1976-ல் லீத், பிராட்லி என்ற இருவர், ஆரோக்கியமானவர்களிடமே இந்தத் தசைகளின் வலுவைப் பயிற்சியால் கூட்டலாம் என்று காட்டினார்கள். 1980-ல் மான்ட்ரியல் ஆராய்ச்சியாளர்கள், கை கால் நான்கும் செயலிழந்த ஆறு பேரை, தடை வைத்த குழாய் வழியாகப் பல வாரங்கள் மூச்சிழுக்கப் பழக்கி, உதரவிதானத்தின் வலுவும் தாங்குதிறனும் கூடியதைக் காட்டினார்கள். மான்ட்ரியல் என்றதும் பிரெஞ்சில் இருக்கும் என்று ஆசையாகத் தேடினேன். ஆங்கிலத்தில்தான் எழுதியிருக்கிறார்கள்.

பிரெஞ்சில் ஒரு சங்கதி உண்டு. 'எக்ஸ்பிரே' என்ற வினைச்சொல்லுக்கு மூச்சை வெளியே விடுவது என்றும் பொருள், சாவது என்றும் பொருள். பள்ளிக்கூடத்தில் ஒரு பாதிரியார் இதைச் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். தமிழிலும் மூச்சை விட்டுட்டார் என்றால் அதுதானே!

என் மூன்று பந்துக் கருவிக்கு மூலம் 1970-களின் அமெரிக்கா. அறுவைக்குப் பின் நோயாளிகளை ஊதச் சொல்வதுதான் அதுவரை வழக்கம், பாட்டிலில் உள்ள தண்ணீரை ஊதி மறு பாட்டிலுக்குத் தள்ளுவதும் பலூன் ஊதுவதுமாக. ராபர்ட் பார்ட்லெட் என்பவரும் கூட்டாளிகளும் 1973-ல் எழுதியது, ஊதுவதால் அல்ல, கொட்டாவி விடுகிற மாதிரி ஆழமாக உள்ளே இழுப்பதால்தான் மூடிப்போன நுரையீரல் அறைகள் திறக்கின்றன என்று. ஆக இரண்டு நாள் நான் செய்தது ஐம்பது வருடத்துக்கு முந்திய வைத்தியம்.

என்னைப் போன்ற வயதானவர்களுக்கு ஒரு தகவல். எலும்பு தேய்ந்து நெஞ்சுப் பகுதி முதுகெலும்பு நசுங்கினால், ஒவ்வொரு எலும்புக்கும் மூச்சின் கொள்ளளவு 9 சதவீதம் போல குறைகிறது என்று 1990-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. கூன் விழுந்தால் விலாக்கூடு வயிற்றின் மேல் இறங்கி உட்கார்ந்துவிடுகிறது. நுரையீரல் விரிய இடம் ஏது? தண்டுவடம் நன்றாக இருந்தாலும் நமக்கு மூச்சுப் பயிற்சி தருவது அதனால்தான்.

பிராணாயாமம் போதாதா என்று என் நண்பர் ஒருவர் சண்டைக்கு வந்தார். பிராணாயாமத்தைக் கருவி வைத்து அளந்து பார்த்தவர்களும் நம்மவர்களே. சுவாமி குவலயானந்தா 1924-லேயே லோனாவ்லாவில் அந்த ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டார். எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் எலும்பு ஒடிந்த புதிதில், மூச்சை அடக்கிக் கும்பகம் செய்வதை டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது என்பதே என் கட்சி. நண்பர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

என் கருவியில் பந்துகளுக்கு மேல் 600, 900, 1200 என்று போட்டிருக்கிறது. நொடிக்கு அத்தனை கன சென்டிமீட்டர் காற்றை இழுத்தால் அந்தப் பந்து ஏறும். முதல் பந்து ஒரு வாரத்தில் ஏறியது. இரண்டாவது தை மாதம் ஏறியது. மூன்றாவது துள்ளும், நிற்காது.

பெரியப்பாவைப் பற்றி இவ்வளவு நாள் கழித்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடைசி நாட்களில் ஒரு சாயங்காலம் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இறுக்கமான பிடி, வலித்தது, அதனால் ஞாபகம் இருக்கிறது. விரல் மடக்கிப் பிடிக்க முடிந்ததென்றால் கழுத்து ஒடியவில்லை. உதரவிதானம் முழுசாக வேலை செய்திருக்கிறது. ஒடிந்தது நெஞ்சுப் பகுதியிலோ அதற்கும் கீழேயோதான். மூச்சு இருந்தது, நல்ல இருமல்தான் இல்லை. தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். "என்னைச் சித்த ஒருக்களிச்சுப் போடுங்கடா" என்று அவர் கேட்டதையும், அப்பா அழுதுகொண்டே, "அசையக் கூடாதுண்ணே, வைத்தியர் சொல்லியிருக்காரு" என்றதையும் நான் வாசற்படியில் நின்று கேட்டேன்.